ஃபுசாயேயின் மிசுநாரா

வியாழக்கிழமைச் சந்தையில் ஃபுசாயே முக்கோணமாக மடித்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரிக்கிற அழகைப் பார்த்தாலே கினுயோவுக்கு வயிறு எரியும். சரக்கைப் பார்த்து எரிவது அதற்கப்புறம்தான். முதலில் ஒரு மடிப்பைப் பிரிப்பாள். யாராவது ஒருவர் நிற்பார். அவரோடு மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை. அடுத்த மடிப்பு. இன்னும் நாலு பேர் நிற்பார்கள். மூன்றாவது மடிப்பு விலகும்போது ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்திருக்கும். உள்ளே முகம் கழுவுகிற பேசின் அளவுக்கு ஒரு மைத்தாகே, சாம்பலும் பழுப்புமாக, நூறு கோழி இறகை ஒரே காம்பில் சொருகியது மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் வாசனை சந்தையின் அந்தக் கோடிவரை போய் மீன்காரனைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

மைத்தாகே என்றால் ஆடும் காளான். காட்டில் கண்டவர் சந்தோஷத்தில் ஆடிவிடுவாராம், அதனால் அந்தப் பெயர். ஃபுசாயே எப்போது, எங்கே ஆடினாள் என்று யாருக்கும் தெரியாது. கினுயோவின் வயிற்றுக்குள் அது ஆடிய ஆட்டம் கினுயோவுக்கு நன்றாகவே தெரியும்.

கினுயோ கடையிலும் மட்டமான சரக்கு இல்லை. வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்கக் கொனாரா என்கிற ஓக் மரங்கள். குளிர்காலத்தில் அதில் சிலவற்றை வெட்டி, கட்டைகளில் ஷீத்தாகே விதைத்து, வருஷம் முழுக்கக் காளான் எடுப்பவள் அவள். தடித்த தொப்பி, நல்ல மணம், நாணயமான விலை; பக்கத்தில் ஊறுகாயும் கீரையும். ஆனால் வியாபாரத்தில் ஒரு விஷயம் உண்டு. நல்ல சரக்கை ஜனங்கள் விலை கேட்டு வாங்குவார்கள். அதிசயச் சரக்கை விலை கேட்காமல் வாங்குவார்கள்.

வெந்நீர் ஊற்று விடுதியின் சமையல்காரர் தோகாஷி ஒவ்வொரு செப்டம்பரும் கினுயோவின் கடையைத் தாண்டித்தான் ஃபுசாயேயிடம் போவார்.

"என்ன கினுயோ சான், ஷீத்தாகே இன்னிக்குப் பிரமாதமா இருக்கே!"

நடந்துகொண்டே சொல்வார். ஒரு தடவைகூட நின்று சொன்னதில்லை.

மைத்தாகே வருகிற மரத்தைப் பெற்ற பிள்ளைக்கும் காட்டக்கூடாது என்பது யமகாதா மலைக்காரர்களின் சட்டம். ஃபுசாயேயின் புருஷன் ஏழு வருஷத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் செத்தான். சிலர் கடைசி மூச்சில் புத்தர் பெயரைச் சொல்வார்கள். அவன் ஒரு மரம் இருக்கிற இடத்தைச் சொன்னான் என்று ஊரில் பேச்சு. அதுவரை கினுயோ மாதிரியே ஊறுகாயும் கீரையும் விற்றுக்கொண்டிருந்தவள்தான் ஃபுசாயே. ரெண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவர்கள். ஒரே வயது, ஐம்பத்தெட்டு. ஒரே உயரம்கூட. அதனால்தான் தாங்கவில்லை. எட்டாத உயரத்தில் இருப்பவளைப் பார்த்து யார் பொறாமைப்படப் போகிறார்கள்?

கினுயோ பின்தொடர்ந்து பார்க்காமல் இல்லை. நாலு இலையுதிர்காலம் முயன்றாள். ஆனால் காட்டுக்குள் நுழைந்ததும் ஃபுசாயே இடுப்பில் கட்டிய மணியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். கரடிக்குப் பயந்தவர்கள் மணி கட்டுவார்கள். பக்கத்துக் கடைக்காரிக்குப் பயந்தவர்கள் கழற்றுவார்கள். கினுயோவும் கழற்றுவாள். பிறகு ரெண்டு பெண்கள் சத்தமில்லாமல் ஒரு கரடிக் காட்டில் ஒருத்தியை ஒருத்தி தொலைப்பார்கள்.

அந்த வருஷம் ஜூலையில், தேடாதபோது கிடைத்தது. ஃபுகி என்கிற காட்டுக்கீரைத் தண்டு பறிக்கப் போனவள், பாதையில் புதுக் கரடிச் சாணத்தைப் பார்த்து மேட்டுப் பக்கம் சுற்றி ஏறினாள். ஒரு பாறை மடிப்பைத் தாண்டினதும் எதிரே நின்றது. மூன்று பேர் கை கோத்தாலும் சுற்றி வர முடியாத மிசுநாரா. ஓக் வகையில் ராஜா என்றால் அதுதான். வேரடியில் பழைய காளான் அறுத்த தழும்புகள். தழும்பின் மேல் ஈரம் காக்க மூங்கில்புல் இலைகளை முக்கோணமாக மடித்துப் போட்டிருந்தது. அந்த முக்கோண மடிப்பை ஏழு வருஷமாகப் பக்கத்துக் கடையில் பார்த்து எரிகிறவள் கினுயோ. கையெழுத்தே போட்டு வைத்திருந்தாலும் இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

"அடிப்பாவி," என்றாள் வாய்விட்டு. "இங்கயா வச்சிருக்க!"

ஆடத்தான் தோன்றியது. அப்போதுதான் வேரைச் சுற்றி வறுத்த சோயா மாவைத் தூவினாற்போல் பழுப்பாக ஏதோ கிடப்பதைப் பார்த்தாள். மோச்சி அரிசி உருண்டையில் புரட்டுகிற மாவு மாதிரியே. தண்டில் தீக்குச்சி முனை அளவுக்கு ஓட்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் மாவு. குனிந்து எண்ணினாள். முப்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். அந்தப் பக்கத்து மலை மரங்களை ரெண்டு வருஷமாகக் காய வைத்துச் சிவப்பாக்கிக்கொண்டிருந்த வண்டு, முகட்டைத் தாண்டி வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் ஊர்க்கூடத்தில் கூட்டம். வனத்துறையிலிருந்து காதோவாகி என்பவர் வந்திருந்தார். நாற்பது பேர் தரையில் உட்கார்ந்து பார்லித் தேநீர் குடித்தார்கள். கினுயோவுக்குப் பக்கத்தில் ஃபுசாயே அரிசி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆண் வண்டு முதல்ல வந்து மரத்தத் துளைக்கும்," என்றார் காதோவாகி. "இடம் பிடிச்சிருந்தா ஒரு வாசனை விடும். அதுக்கு ஆயிரக்கணக்குல மத்த வண்டுங்க வந்துரும். பொண்ணு வண்டு முதுகுல சின்னச் சின்னக் குழி இருக்கு. அதுல பூஞ்சைய கட்டுச்சோறு மாதிரி கொண்டு வருது. மரத்துக்குள்ள விதைச்சு, பிள்ளைங்களுக்கு ஊட்டுது. அந்தப் பூஞ்சை பரவுற இடத்துல மரத்துக்குத் தண்ணி ஏறாது. ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல இலையெல்லாம் சிவந்து காய்ஞ்சிரும்."

"ஆம்பளை முன்னாடி போய் வீடு கட்டி வச்சுட்டு, பொண்ணு தேடி வருதா?" என்றார் பின்வரிசைக் கிழவர். "சார், எங்க ஊர்ல நாப்பது வயசுக் கல்யாணமாகாத பயலுக எட்டு பேர் இருக்கானுக. அந்த வண்டுகிட்ட டியூஷனுக்கு அனுப்பணும்!"

கூடம் சிரித்து ஓய்ந்தது.

"எல்லா ஓக்கும் சாகுமா?" என்று கேட்டாள் கினுயோ.

"மிசுநாராதான் ரொம்ப மோசம். நிறைய வண்டு ஏறுச்சுன்னா பாதிக்கு மேல போயிரும். கொனாரா கொஞ்சம் தாங்கும். சாறு வடிச்சு வண்டையே மூழ்கடிக்கும். ஆனா வயசாகித் தடிச்ச கொனாராவும் விழும். தெற்க இருக்கிற பச்சை மாறாத ஓக் வகை இன்னும் நல்லாத் தாங்குது. பீச் மரத்தைத் தொடாது."

ஃபுசாயே கினுயோவின் காதோரம் சாய்ந்தாள். "உனக்கென்னடி. உன்னுது கொனாரா. ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரி, எத வேணா தாங்கும்."

முறுக்குத் தூளோடு சொன்ன அந்தச் சொல்லும் கினுயோவுக்குச் சுருக்கென்று தைத்தது.

காதோவாகி ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். "இப்பத்தான் உங்க உதவி வேணும். பெரிய மிசுநாரா எங்கெங்க நிக்குதுன்னு சொல்லுங்க. வண்டு ஏற ஆரம்பிச்ச புதுசுன்னா பிளாஸ்டிக் சுத்திக் காப்பாத்திப் பார்க்கலாம். செலவு எங்களது."

நாற்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் தம் காலுறையில் இருந்த ஓட்டையை ஆராய்ந்தார். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆளுக்கொரு மிசுநாரா உண்டு. ஆளுக்கொரு மிசுநாரா என்றால் ஆளுக்கொரு மைத்தாகே.

"சாயித்தோ சான், நீங்க சொல்லுங்க," என்று முன்வரிசையைப் பார்த்துச் சொன்னார் காதோவாகி.

அந்த ஊரில் பாதி வீடு சாயித்தோ. இருபது தலை திரும்பியது. அது தன்னைச் சொல்லவில்லை என்று இருபது பேரும் முடிவு செய்துகொண்டார்கள்.

கினுயோவின் நாக்கு நுனியில் அந்தப் பாறை மடிப்பு நின்றது. ஃபுசாயேயை ஓரக்கண்ணால் பார்த்தாள். இவளுக்குத் தெரியுமா, மாவு கொட்டுவது? தெரியாவிட்டால் சொல்லலாம். சொன்னால், 'உனக்கு எப்படிடி தெரியும் என் மரம்?' என்று நாற்பது பேர் முன்னால் கேட்பாள். காளான் மரத்தை ஒளிந்து பார்த்தவள் என்ற பெயர் இந்த ஊரில் திருடி என்ற பெயருக்கு ஒரு படி கீழே. அதையும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இன்னொரு குரல், சந்தையில் பேரம் பேசிப் பழகிய குரல், நிதானமாகக் கேட்டது: மரம் செத்தால் உனக்கு என்ன நஷ்டம்? அடுத்த செப்டம்பர் அவளும் ஊறுகாய், நீயும் ஊறுகாய். தோகாஷி ரெண்டு கடையையும் நடந்துகொண்டே கடப்பார்.

கினுயோ தேநீரை ஒரு வாய் குடித்தாள். நாக்கு நுனியில் இருந்தது உள்ளே போய்விட்டது. காதோவாகி வெற்று வரைபடத்தைச் சுருட்டினார்.

ஆகஸ்ட் கடைசியில், மலை முழுக்கப் பச்சையாக இருக்கும்போது, அந்தப் பாறைக்கு மேலே ஒரு மரம் மட்டும் அக்டோபர் மாதிரி சிவந்தது. சந்தையிலிருந்தே தெரிந்தது. வேறு சரிவுகளிலும் ஏழெட்டுச் சிவப்பு. ஊரில் யார் யார் முகம் வாடுகிறது என்று பார்த்தாலே எந்த மரம் யாருடையது என்று எழுதிவிடலாம். ஃபுசாயே மட்டும் அந்தப் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை. கினுயோ அன்று முழுக்கக் கவனித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பல்லிடுக்கில் ஏதோ சிக்கின சந்தோஷம்.

செப்டம்பர் முதல் வாரம் கினுயோவின் புருஷன் இவாவோ பின்சரிவிலிருந்து இறங்கி வந்தான்.

"கினு, நம்ம கொனாரால நாலு மரம் அழுவுதுடி. தண்டெல்லாம் ஈரம். அடியில மாவு."

"தாங்கும்னு சொன்னாங்களே, ஏங்க?"

"இந்த வருஷம் தாங்கும். மேல அந்த மொரட்டு மரத்துக்குள்ள எத்தனை ஆயிரம் குஞ்சு பொரிக்குதோ. அடுத்த ஜூன்ல கிளம்புனா முதல்ல யார் வீட்டுக்கு வரும்? நேர் கீழ நம்ம வீடுதான். மிச்சம் இருக்கிறதும் தடிச்ச மரம். வெட்டு வெட்டுன்னு சொன்னேன், கேட்டியா?"

"வெட்டுறது உங்க வேலை. சொல்லிட்டு மாத்திரம் இருந்தீங்க."

எதிரிக்குச் சகுனம் கெடட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்பவர்களைப் பற்றிக் கினுயோ நிறையக் கேள்விப்பட்டிருக்கிறாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் மிசோ சூப்புக்கு உப்பு உறைக்கவே இல்லை.

செப்டம்பர் கடைசியில் அவள் மறுபடி ஏறினாள். எதற்கு என்று கேட்டால் சும்மா பார்க்க என்பாள். முதுகில் காலிக் கூடை எதற்கு என்று கேட்டால் கூடையும் சும்மாதான் என்பாள். மணியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாறை மடிப்பை நெருங்கும்போது, மரத்துக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. கனமான மூச்சு. கரடி! கினுயோ கையிலிருந்த அரிவாளைத் தூக்கினாள்.

"யாரது!" என்று அலறியது கரடி.

"நான்தாண்டி!"

"நீயா? மணி கட்டிட்டு வரமாட்ட? உயிரே போச்சு!"

"நீ கட்டியிருந்தியா?"

ஃபுசாயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேரில் உட்கார்ந்தாள். கினுயோ நின்றாள். என்ன பொய் சொல்வது என்று தேடினாள்; அந்த இடத்தில் ஒரு பொய்க்கும் இடம் இல்லை.

"உக்காரு," என்றாள் ஃபுசாயே. "ஜூலையிலேயே வந்துட்டுப் போனவதான. புதுசா என்ன கூச்சம்?"

"உனக்கு எப்படி..."

"மாவு மேல பூட்ஸ் தடம். இடது கால்ல குதி தேஞ்ச பூட்ஸ். இந்த ஊர்ல யாரு அப்படிச் சாஞ்சு நடக்குறா?"

கினுயோ உட்கார்ந்தாள். தலைக்கு மேல் காய்ந்த இலைகள் உதிராமல் தொங்கிக் கரகரத்தன. கொஞ்சம் தள்ளி நின்ற பீச் மரம் ஒன்றுமே நடக்காததுபோல் பச்சையாக நின்றது.

"அப்ப உனக்கு முன்னாடியே தெரியும். ஊர்க்கூடத்துல நீயே சொல்லியிருக்கலாம்ல?"

"நாப்பது பேர் முன்னாடியா? அதுக்கு மரம் சாகட்டும்னு இருந்துட்டேன். நீ சொல்லுவன்னு பார்த்தேன். நீ சொன்னா மரமும் பிழைக்கும், உன்னையும் திருடின்னு நாலு வார்த்தை திட்டலாம். நல்ல வாய்ப்பு. நீ என்னடான்னா தேத்தண்ணியக் குடிச்சுட்டு உக்காந்திருந்த."

"நீ முறுக்கு தின்னுட்டு இருந்த."

"ஆமா."

ரெண்டு பேரும் மரத்தைப் பார்த்தார்கள். அதன் மறுபக்கத்து வேரடியில், ஃபுசாயே உட்கார்ந்த இடத்துக்கு ஒரு கை தள்ளி, கினுயோ வாழ்நாளில் பார்க்காத அளவுக்கு ஒரு மைத்தாகே விரிந்திருந்தது. பேசின் இல்லை, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி. சாகிற மரம் மிச்சத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டது மாதிரி.

கினுயோ கூடை வாரை இறுக்கிப் பிடித்தாள். மரத்தைச் சாகவிட்டும் இவளுக்குத்தான் விளைகிறது!

"எடுத்துக்கோ," என்றாள் ஃபுசாயே.

"என்னது?"

"இதையும் எடுத்துக்கோ, இனி வர்றதையும் எடுத்துக்கோ. மரம் மக்க மக்க மூணு நாலு வருஷம் அள்ளிக் குடுக்கும். அப்புறம் ஒண்ணும் வராது. செத்த புருஷனோட செத்த மரம். எனக்குப் பார்க்கப் பிடிக்கல."

"உனக்கு?"

ஃபுசாயே எழுந்து பின்பக்கத்து மண்ணைத் தட்டினாள். "ஒரே மரத்த நம்பி எவளாவது கடை போடுவாளா?"

அந்த வியாழக்கிழமை கினுயோ செய்தித்தாளை மூன்று மடிப்பாக மடித்துக் கொண்டு போனாள். முதல் மடிப்பு, வானிலை. இரண்டாம் மடிப்பு. மூன்றாவது மடிப்பில் தோகாஷி நின்றார். இரண்டு காலும் தரையில் ஊன்றி, முழுசாக நின்றார்.

"கினுயோ சான்! இது எங்கேருந்து... சரி, கேக்கக் கூடாது. அப்படியே கட்டிக் குடுங்க. அடுத்த வருஷமும் முதல்ல உங்ககிட்டதான் வருவேன், சரியா?"

கினுயோவுக்குக் காது குளிர்ந்தது. ஆனாலும் கண் பக்கத்துக் கடைக்குப் போனது. ஃபுசாயே வாடியிருந்தால் அது முழுச் சந்தோஷம். அவள் அங்கே ஊறுகாய் ஜாடியைத் துடைத்துக்கொண்டு, பாட்டு வேறு முணுமுணுத்தாள். ஒரே மரத்தை நம்பி எவளாவது! எந்தச் சரிவு? ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

அந்த நேரத்தில்தான் காதோவாகி கழுத்தில் துண்டோடு வந்து நின்றார். ஒரு பை ஷீத்தாகே எடுத்தார்.

"உங்க சரிவப் பார்த்துட்டு வரேன்மா. உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தாரு. இந்த வருஷம் நாலு மரந்தான். அதுங்க பிழைச்சுக்கும். ஆனா மேல அந்தச் செவந்த மரம் இருக்கே, அதைப் பனி விழறதுக்குள்ள வெட்டி, துண்டு போட்டு, மூடி மருந்து வைக்கணும். இல்லேன்னா ஜூன்ல உங்க சரிவு முழுக்கப் போயிரும். எங்காளுங்க ரெண்டு நாள் ஏறிப் பார்த்தாங்க, பாறையில வழி தெரியாமத் திரும்பிட்டாங்க. வழி தெரிஞ்சவங்க யாராச்சும்..."

வெட்டித் துண்டு போட்டு மருந்து வைத்தால் மைத்தாகே ஏது? கினுயோ மனசுக்குள் தராசு பிடித்தாள். ஒரு தட்டில் மூன்று நாலு வருஷம் தோகாஷி நிற்கிற இரண்டு கால். இன்னொரு தட்டில் பின்சரிவு. அந்தச் சரிவு போனால் கட்டை இல்லை, கட்டை இல்லாவிட்டால் கடையே இல்லை. திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. திரும்பினாள்.

"ஏண்டி ஃபுசாயே. அந்த மரம் நின்னா என் கொனாரா போயிரும்னு தெரிஞ்சுதான குடுத்த?"

ஃபுசாயே துடைப்பதை நிறுத்தினாள். யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"பாதி தெரிஞ்சுதான்."

"மீதி?"

"மீதி, நெசமாவே குடுத்தேன்."

கினுயோ அந்த விலையை நம்பினாள். முழுதாக நல்லவள் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

"சார், எனக்கு வழி தெரியும்," என்றாள் காதோவாகியிடம், சந்தைக்கே கேட்கிற மாதிரி. "நாளைக்குக் காலைல நானே கூட்டிட்டுப் போறேன். பாறைக்குப் பின்னாடி வழி."

மீன்காரனின் கத்தி அந்தரத்தில் நின்றது. யாரும் மிசுநாரா இருக்கிற இடத்தை வாய்விட்டுச் சொன்னதை அந்தச் சந்தை அதுவரை கேட்டதில்லை.

காதோவாகி அவசரமாக வரைபடத்தைக் கடைப்பலகையில் விரித்தார். யாராவது மனசை மாற்றிக்கொள்வதற்குள் முடித்துவிடவேண்டும் என்ற அவசரம். "ரொம்ப நன்றிம்மா. இன்னும் உசுரோட இருக்கிற பெரிய மிசுநாரா பக்கத்துல எதுனா இருந்தா, அதையும் இப்பவே சொல்லிட்டா நல்லது. வர்ற ஜூனுக்கு முன்னாடி மருந்து ஏத்திட்டா வண்டு வந்தாலும் தாங்கும். சொல்லலேன்னா அடுத்தது அதுங்கதான்."

கினுயோவுக்குத் தெரியாது. தெரிந்தவள் ஊறுகாய் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சார்," என்றாள் கடைசியில் ஃபுசாயே. "பென்சில் குடுங்க."

பென்சிலை வாங்கிக்கொண்டு கினுயோவைப் பார்த்தாள்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"நான் ஏண்டி பார்க்கப் போறேன்?"

"ஏழு வருஷமா வேற என்ன பண்ண? திரும்புடி."

கினுயோ திரும்பினாள். எதிரே மீன்காரனின் பனிக்கட்டிப் பெட்டி. அதில் வாய் பிளந்து கிடந்த ஒரு கானாங்கெளுத்தி. அதையே உற்றுப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் முதுகு அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் தாங்கியதில்லை. கண்ணைத் திருப்பலாம், காதை எங்கே திருப்புவது? பென்சில் காகிதத்தில் ஒரு புள்ளி வைத்த சத்தம் கேட்டது.

நல்லது, ஒன்று.

மறுபடி ஒரு 'டொக்'.

இரண்டா? கினுயோ கானாங்கெளுத்தியைப் பார்த்தபடி பல்லைக் கடித்தாள். இருக்கட்டும், ரெண்டு வரைக்கும் ஒரு பெண் வைத்திருக்கலாம், நியாயம்.

காகிதம் சரசரத்தது. வரைபடத்தை அடுத்த மடிப்புக்கு நகர்த்துகிறாள்.

'டொக்.'

"இன்னும் இருக்காம்மா?" என்றார் காதோவாகி, மரியாதையோடு.

"இருங்க சார்," என்றாள் ஃபுசாயே. "ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வரலையே."